விற்றமின் டி ஊசி போட்டால் மாதவிடாய் ஒழுங்காகுமா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளுக்கு 15 வயது. பெரியபிள்ளையாகி ரெண்டு வருசம். மாதவிடாய் 40 நாளுக்கு ஒருக்காத்தான் வருது. எந்நேரமும் களைப்பு, கால் உளைவு. இரத்தம் சோதிச்சதில விற்றமின் டி 14 எண்டு வந்தது. ஊசி ஒண்டு போட்டா ஓமோன் எல்லாம் சரியாகும் எண்டு சொல்லுகினம். போடலாமோ? வன்னி வெயிலுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு இது எப்பிடிக் குறைஞ்சது?"

அம்மா, மாதவிடாயை நினைத்துப் பயப்படாதீர்கள். பெரியபிள்ளையான முதல் இரண்டு மூன்று வருடங்களில் 21 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை வருவது இயல்புதான். அதற்காக எந்த ஊசியும் தேவையில்லை.

ஆனால் அந்த 14ஐ அப்படியே விடக்கூடாது. அறிக்கையில் அலகைப் பாருங்கள். நனோகிராம் (ng/mL) என்றால் 20க்குக் கீழே குறைபாடு. நனோமோல் (nmol/L) என்றால் அந்த எல்லை 50.

வெயில் நிறைய இருக்கிறதுதான், பிள்ளை அதில் நிற்பதில்லை. விடிய வான் வண்டியில் பள்ளிக்கூடம், பிறகு ரியூசன், பொழுதுபட்டு வீடு. கறுத்துப்போவாள் என்று முழுக்கைச் சட்டை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருடைய நாள் இப்படித்தான் போகிறது. தோலில் விற்றமின் டியை உண்டாக்கும் புறஊதா பி கதிர், நாங்கள் நல்லதென்று நம்பும் காலை இளவெயிலில் மிகக் குறைவு. நிழல் எங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது போதியளவு கிடைக்கும். வான் கண்ணாடி அதை மறித்துவிடும். கருந்தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். பள்ளி இடைவேளையில் கையும் காலும் வெயிலில் பட வலைப்பந்து விளையாட விடுங்கள். நிறத்துக்குப் பயந்து பிள்ளையின் எலும்பைப் பலிகொடுக்க வேண்டாம்.

எலும்பு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்த விற்றமின் டி ஓர் ஓமோனாகவே வேலை செய்கிறது. அது குறைந்தால் குடல் கல்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. உடனே கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் சுரக்கும் பராதைரொயிட் ஓமோன் கூடி, எலும்பிலிருந்து கல்சியத்தை இரத்தத்துக்கு எடுத்துவிடும். கால் உளைவு இதனால் வரலாம். பெண்பிள்ளையின் எலும்புத் திணிவில் ஏறத்தாழ 90 வீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுவதால், இந்த வருடங்களில் இழப்பதைப் பின்னால் ஈடுசெய்வது கடினம்.

மாதவிடாயைக் குழப்பும் சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்கள் பலரிடம் விற்றமின் டி குறைவாகக் காணப்படுவது உண்மை. அதனால்தான் இந்தக் கதை பரவுகிறது. ஆனால் அவர்களில் பலருக்கு இருக்கும் உடற்பருமனும் விற்றமின் டியைக் குறைக்கும். எது எதற்குக் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை.

மகளுக்கு வேண்டியது வைத்தியர் அளவு சொல்லித் தரும் வில்லைகள், மூன்று மாதமளவில் மறுபடி ஒரு சோதனை. வைத்தியர் சொல்லாமல் பெரிய அளவு ஊசி போட்டால் இரத்தத்தில் கல்சியம் கூடி வாந்தி, சிறுநீரகக் கல் வரை போகலாம். சூடை மீனிலும் முட்டை மஞ்சட்கருவிலும் விற்றமின் டி கொஞ்சம் உண்டு. கல்சியத்துக்கு முள்ளோடு நெத்தலி, குரக்கன், எள்ளு, எருமைத் தயிர்.

களைப்பை விற்றமின் டியின் தலையில் மட்டும் போடாதீர்கள். இரத்தச்சோகைக்கும் தைரொயிட்டுக்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். மாதவிடாய்த் திகதிகளைக் குறித்து வையுங்கள். 90 நாள் தாண்டியும் வராவிட்டால், ஏழு நாளுக்கு மேல் இரத்தம் போனால், முகத்தில் கடுமையான உரோமம் வளர்ந்தால், அந்தக் குறிப்போடு மாவட்ட வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.