காற்று குறைந்த பந்தும் கோட்டோரக் கேமராவும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (அண்ணா நகர் வாசகர்): அமெரிக்காவில் இருக்கும் என் மகன், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்ற கால்பந்து அணியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறான். அவன் அலுவலகத்திலோ, 'அத்தனையும் அழுகுணி ஆட்டம்' என்று கிண்டல் செய்கிறார்களாம். எது உண்மை?

பதில்: மற்ற வாசகர்களுக்காக முதலில் ஒன்று. இது நம் வியாசர்பாடிக் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். என்.எஃப்.எல். என்பது அதன் லீக். அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கடைசி இடத்துக்கு வந்த அணிதான் அடுத்த ஆண்டு கல்லூரி வீரர்களில் முதலில் தேர்வு செய்யும். யாரும் தொடர்ந்து உச்சியில் உட்கார்ந்துவிடக் கூடாது என்றே போட்ட ஏற்பாடு. அதையும் மீறி, பில் பெலிசிக் பயிற்சியில் 2001 முதல் 2018 வரையிலான 18 சீசன்களில் 9 இறுதிப்போட்டி, 6 கோப்பை. அணியின் பந்தெறிபவர் டாம் பிரேடி, 2000-இன் கல்லூரி வீரர் தேர்வில் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். சந்தேகம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

பெரிதாகப் பிடிபட்டது இரண்டு முறை. 2007-இல் எதிரணிப் பயிற்சியாளர்களின் சைகைகளைக் கோட்டோரத்திலிருந்து படம் பிடித்தார்கள். 2015-இல் பந்தில் காற்று குறைந்திருந்தது. முதலாவது சந்தேகமில்லாமல் குற்றம். இரண்டாவதில் விசாரணை அறிக்கையே 'நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்பதற்கு மேல் போகவில்லை.

ஆனால் கோப்பைகளுக்கு இவைதான் காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது. கேமரா 2007 சீசனின் முதல் ஆட்டத்திலேயே பறிமுதல். அந்த ஆட்டத்தையும் ஜெயித்து, அடுத்து வரிசையாக 17 ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். இறுதிப்போட்டியில் மட்டும் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17–14 என்று தோல்வி. பந்து விவகாரம் வெடித்த இரண்டு வாரத்தில், நாடே அவர்கள் பந்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கோப்பை. பிறகு இன்னும் இரண்டு.

மகனிடம் இதையும் சொல்லிவையுங்கள்: படம் பிடிக்கும் வழக்கம் 2000-இலிருந்தே இருந்தது என்று லீக்கே சொன்னது. முதல் மூன்று கோப்பைகளும் அந்தக் காலத்தவை, மூன்றும் வெறும் 3 புள்ளி வித்தியாசத்தில் வந்தவை. அவற்றைப் பற்றி முகம் சுளிப்பவர்களை நாம் குறை சொல்ல முடியாது.

இந்த விவாதம் சென்னைக்குப் புதிதும் இல்லை. அணி அதிகாரி ஒருவரின் சூதாட்டத்துக்காக 2016, 2017 இரண்டு ஐ.பி.எல். சீசனும் நம் அணி வெளியே உட்கார்ந்தது. 2018-இல் திரும்பி வந்து கோப்பையைத் தூக்கியது. அதிகாரி செய்தது வேறு, மைதானத்தில் நடந்தது வேறு என்று நாம் வாதாடினோமா இல்லையா?

கேள்வி (மயிலாப்பூர் வாசகர்): கை சைகையைப் படம் பிடித்தால் அப்படி என்ன லாபம்? எல்லோர் கண்ணுக்கும் தெரிவதுதானே?

பதில்: தெரிவதுதான். கண்ணால் பார்த்து, தாளில் குறித்துக்கொண்டால் தவறே இல்லை. கோட்டோரத்திலிருந்து கேமராவால் பிடிப்பதுதான் தடை. 2006 செப்டம்பரில் எல்லா அணிகளுக்கும் எழுத்திலேயே நினைவூட்டினார்கள். விதியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றார் பெலிசிக். விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்த மனிதர் அப்படிச் சொன்னதை நம்புவது கஷ்டம். அவருக்கு 5 லட்சம் டாலர், அணிக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம். 2008-இன் முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் பறிபோனது.

வேலை நடக்கும் விதம் இது. தாக்கும் அணியின் பந்தெறிபவருக்கு 1994-இலிருந்தே ஹெல்மெட்டுக்குள் ரேடியோ உண்டு. தடுக்கும் அணிக்கு அப்போது இல்லை. பயிற்சியாளர் தலையைத் தொட்டு, மார்பைத் தட்டித்தான் திட்டத்தைச் சொல்வார். கேமராக்காரர் முதலில் அந்தக் கைகளைப் பிடிப்பார், உடனே ஸ்கோர்போர்டுக்குத் திரும்பி, எத்தனையாவது முயற்சி (பத்து கஜம் முன்னேற நான்கு முயற்சி உண்டு), இன்னும் எத்தனை கஜம், நேரம் என்ன என்று பிடிப்பார். பிறகு ஆட்டத்தின் படத்தோடு ஒட்டிப் பார்த்தால், இன்ன சைகைக்கு இன்ன தடுப்பு என்று அகராதி தயார்.

கோளாறு எங்கே வருகிறது? எதிரணி மூன்று பேரை நிறுத்திச் சைகை காட்டும், ஒன்றுதான் நிஜம். யாருடையது நிஜம் என்பது பாதி ஆட்டத்தில் மாறும். தவிர, ஒரு முயற்சிக்கு 40 விநாடி. கடிகாரம் 15-க்கு வந்ததும் ரேடியோ அறுந்துவிடும். அதற்குள் சைகையைப் பார்த்து, அர்த்தம் கண்டு, பந்தெறிபவர் காதில் போட வேண்டும். அன்றே உபயோகப்படுவது அபூர்வம். அதே எதிரியை மறுபடி சந்திக்கும்போதுதான் பயன். பிடிபட்ட ஆட்டத்தின் எதிரணி நியூயார்க் ஜெட்ஸ். ஒரே பிரிவு என்பதால் வருடத்துக்கு இரண்டு முறை மோதல். இடம் பார்த்துத்தான் வலை விரித்திருக்கிறார்கள். 2008-இல் தடுக்கும் அணியிலும் ஒருவருக்கு ரேடியோ கொடுத்தார்கள், வித்தை அத்தோடு மதிப்பிழந்தது.

நம் உள்ளூர் ஆட்டத்திலும் இது உண்டு. கார்னர் அடிப்பவர் ஒரு கையைத் தூக்கினால் அருகு கம்பம், இரு கையைத் தூக்கினால் தூரக் கம்பம். நான்கு கார்னருக்குள் எதிரணியின் சென்டர் பேக் படித்துவிடுவார். இடைவேளையில் அர்த்தத்தைத் திருப்பிப்போடுங்கள்.

கேள்வி (பெரம்பூரிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர்): பந்தில் காற்றைக் குறைத்தால் என்ன ஆகும்? எங்கள் பள்ளிப் பந்துக்கு எவ்வளவு காற்று சரி?

பதில்: அமெரிக்கப் பந்துக்கு விதி 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு). கொஞ்சம் தளர்ந்திருந்தால் குளிரிலும் மழையிலும் கையில் நன்றாகப் பிடிபடும். 2015 ஜனவரி 18 அன்று இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுடன் ஆட்டம். இடைவேளையில் அளந்தபோது பேட்ரியாட்ஸின் 11 பந்துகளும் 12.5-க்குக் கீழே.

அறையில் 22 டிகிரியில் 12.5 அடைத்த பந்தை 9 டிகிரிக் குளிருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? கேஜ் காட்டுவதோடு வெளிக்காற்றின் 14.7-ஐக் கூட்டினால் 27.2. வெப்பத்தைக் கெல்வினில் எழுதினால் 295-இலிருந்து 282. 27.2-ஐ 282-ஆல் பெருக்கி, 295-ஆல் வகுத்து, 14.7-ஐக் கழித்தால் 11.3. யாரும் ஊசி செருகாமலே 1.2 இறங்கிவிடும். அன்று இரண்டு கேஜ்களால் அளந்தார்கள்: ஒன்றில் சராசரி சுமார் 11.5, மற்றதில் 11.1. முதல் கேஜை நம்பினால் இயற்பியலே போதும், இரண்டாவதை நம்பினால் போதாது. ஆட்டத்துக்கு முன் அளந்ததையோ யாரும் எழுதிவைக்கவில்லை! மறுபக்கம், உடைமாற்றும் அறை உதவியாளர் பந்துப் பையோடு 1 நிமிடம் 40 விநாடி கழிவறைக்குள் இருந்தது கேமராவில் பதிவாகியிருக்கிறது. இதையும் மறைக்கக் கூடாது.

இடைவேளையில் பேட்ரியாட்ஸ் 17–7 என்று முன்னிலை. பந்துகளுக்குச் சரியாகக் காற்றடித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் பாதி 28–0. பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை. வழக்குகளுக்குப் பிறகு 2016-இல் அனுபவித்தார். அந்த சீசனிலும் கோப்பை.

உங்கள் பந்துக்கு வருவோம். நம் கால்பந்துக்கு விதி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ.; சுற்றளவு 68–70 செ.மீ., எடை 410–450 கிராம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 9, 10 போதும். சென்னையில் சிக்கல் தலைகீழ். 24 டிகிரி ஏ.சி. அறையில் 10 அடைத்த பந்து, மே மாதம் 38 டிகிரியில் 11-ஐத் தாண்டிவிடும். வெயிலில் கிடந்தால் இன்னும் ஏறும். அதனால் மைதானத்து நிழலில் கால் மணி நேரம் வைத்து, அங்கேயே காற்றடியுங்கள். ஊசியை ஒரு சொட்டு கிளிசரின் தொட்டு, நேராகச் செருகுங்கள். காய்ந்த ஊசியைச் சாய்த்துக் குத்தினால் வால்வு கிழியும், அந்தப் பந்து மறுநாள் காலை சப்பளிந்து கிடக்கும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும், அதையும் கணக்கில் வையுங்கள். முக்கியமாக, கேஜை மாற்றாதீர்கள்.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): பேட்ரியாட்ஸ் வெற்றிக்குக் காரணம் 'தயாரிப்பு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணால் பார்க்கும்படி ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

பதில்: 2015 பிப்ரவரி 1, இறுதிப்போட்டி. பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் 24. இன்னும் 26 விநாடி. பந்து சியாட்டில் கையில், கோல் கோட்டுக்கு ஒரே ஒரு கஜம். வலப்பக்கம் சியாட்டிலின் இருவர் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். முன்னவர் தடுப்பவரை மறிப்பார், பின்னவர் உள்ளே வெட்டிப் பந்தை வாங்குவார். அந்த வாரப் பயிற்சியில் பேட்ரியாட்ஸின் மாற்று வீரர்கள் இதே ஆட்டத்தைத்தான் ஆடிக் காட்டினார்கள். எந்த அணியும் தேர்வில் எடுக்காத மால்கம் பட்லர் மறிப்பவரைச் சுற்றிப் போய்த் தாமதமாகி ஏமாந்தார், திருத்தப்பட்டார். ஆட்டத்தன்று பிராண்டன் பிரவுனர் முன்னவரை நின்ற இடத்திலேயே நெஞ்சில் கைவைத்து நிறுத்தினார். பட்லர் சுற்றவில்லை, நேராகப் பாய்ந்தார், பந்தைப் பறித்தார். இதற்கு எந்தக் கேமராவும் உதவியிருக்காது.

இன்னொன்று எங்களுக்குப் பிடித்தது. 2003 நவம்பர், டென்வருடன் ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கி, சொந்தக் கோல் கோட்டின் வாசலில் மாட்டிக்கொண்டார்கள். அங்கிருந்து உதைத்தால் எதிரணிக்கு நல்ல இடத்தில் பந்து கிடைக்கும். வேண்டுமென்றே பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி 2 புள்ளி தானம் செய்தார்கள். விதிப்படி அதன் பிறகு 20 கஜத்திலிருந்து நிம்மதியாக உதைக்கலாம். டென்வரைப் பின்னுக்குத் தள்ளி, பந்தை வாங்கி, 30–26 என்று ஜெயித்தார்கள்.

பயிற்சியில் பந்தைத் தண்ணீரில் நனைத்தே கொடுப்பது பெலிசிக்கின் பழக்கம். வியர்வையிலும் தூறலிலும் வழுக்கும் பந்தை நம் கோல்கீப்பர்களுக்கும் இப்படிப் பழக்கலாம். ஒரு வாளி போதும்.

கேள்வி (வியாசர்பாடி வாசகர்): லீக் ஆட்டத்துக்கு முந்தைய நாள் எதிரணிப் பயிற்சியை ஒளிந்து பார்ப்பது தப்பா சார்? அப்புறம், எங்கள் பக்கம் பெரிய தில்லுமுல்லு வயசுதான். அதைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை?

பதில்: பொது மைதானத்தில் பலரோடு நின்று பார்த்தால் யார் தடுக்க முடியும்? ஒளிவதுதான் உறுத்துகிறது. 2019 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் அணிப் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா அனுப்பிய ஆள், டெர்பி அணியின் பயிற்சித் திடலுக்கு வெளியே பிடிபட்டார். 2 லட்சம் பவுண்ட் அபராதம். ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது என்று விதியே வந்தது. பியெல்சா பத்திரிகையாளர்களை உட்காரவைத்து, டெர்பியின் முந்தைய சீசன் ஆட்டங்கள் 51-ஐயும், ஒவ்வொன்றுக்கும் நான்கு மணி நேரம் செலவிட்டு அலசியதைத் திரையில் காட்டினார். அதில் கிடைக்காதது வேலியோரத்தில் என்ன கிடைத்துவிடும்? எதிரணியின் கடைசி மூன்று ஆட்டத்தை ஒருவர் செல்போனில் பிடித்துவந்தால், அவர்களின் கார்னர், த்ரோ-இன், ஃப்ரீ கிக் மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்கள். ஒரு மாலை வேலைதான்.

வயது விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். 13 வயதுப் பையன்களோடு 16 வயதுக்காரர் ஆடினால் எந்தத் தயாரிப்பும் எடுபடாது. ஃபிஃபா 2009-இலிருந்து 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுக்கிறது, ஆரை எலும்பின் வளர்முனை முழுதும் ஒட்டியிருந்தால் வயது தாண்டியதாகக் கொள்வார்கள். இந்தியாவில் இடது மணிக்கட்டு எக்ஸ்ரேயை வைத்து டி.டபிள்யூ.3 முறையில் எலும்பு வயது கணிக்கிறார்கள். சீக்கிரம் வளரும் பையன்களுக்கு எலும்பு ஒரு வருடம் முந்திக் காட்டுவதும் உண்டு, நேர்மையான பிள்ளையும் அடிபடலாம். அதனால் உள்ளூர் லீகில் முதலில் காகிதத்தைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பிறந்த தேதியை மட்டும் பார்க்காமல், பதிவு செய்த தேதியையும் பாருங்கள். பிறந்து பத்து வருடம் கழித்துப் பதிவாகியிருந்தால், பள்ளியின் முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.