ஆர்.வி. வாங்கலாமா? முதலில் கூரையைப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். ஒன்பது ஆண்டு ஓடிய, 28 அடி நீள ‘கிளாஸ் சி’ மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறை, கழிவறையோடு ஓடும் வீட்டு வண்டி; ஆர்.வி. என்பார்கள்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே புதிதுபோல் பளபளக்கிறது. டீலர் 15 ஆண்டுக் கடன் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். மாதத் தவணையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: பளபளப்பில் மயங்காதீர்கள். மெத்தை உறையை மாற்றுவது ஒருநாள் வேலை. இத்தகைய வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, மழைநீர்தான். கூரை இணைப்புகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் பூசிய சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வெயிலில் வெடித்துவிட்டால், நீர் சத்தமில்லாமல் சுவருக்குள் இறங்கி மரச்சட்டத்தை உளுக்க வைத்துவிடும். ஆகவே ஏணி போட்டுக் கூரையைப் பாருங்கள். உள்ளே மூலைகளை விரலால் அழுத்துங்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் நீண்டிருக்கும் படுக்கையின் ஓரங்களை விடாதீர்கள். கிளாஸ் சி வண்டிகளில் அடிக்கடி ஒழுகும் இடம் அது. விரல் மெத்தென்று உள்ளே போனாலோ, வெளிச்சுவர் உப்பியிருந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், டீலருக்குச் சம்பந்தமில்லாத ஆர்.வி. பரிசோதகர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு டீலர் சம்மதிக்காவிட்டால் வேறு இடம் பார்க்கலாம்.

டயரின் தேய்மானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. இந்த வண்டிகளின் டயர் நின்ற இடத்திலேயே கிழடாகிவிடும். பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஆறேழு ஆண்டு தாண்டியிருந்தால் புது டயர்களின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

அடுத்து, எவ்வளவு எடை ஏற்றலாம் என்ற ஸ்டிக்கர். தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்க் நிரம்பினாலே 330 பவுண்டு போய்விட்டது. மீதியில் சாமான்கள் எல்லாம் அடங்குமா என்று கூட்டிப் பாருங்கள்.

கடன்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை. கடன் குறைவதைவிட வேகமாக வண்டியின் விலை இறங்கும். நடுவில் விற்க நேர்ந்தால் கைக்காசு போட்டுத்தான் கடனை அடைக்க வேண்டியிருக்கும். இன்னொன்று: வண்டியை நிறுத்தித் தங்கும் தனியார் ஆர்.வி. பார்க்குகள் பலவற்றில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்பதில்லை. உங்கள் வண்டி விரைவிலேயே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். இதே நீளத்தில் ஒன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஆசை மிஞ்சினால் அப்புறம் பேரத்துக்குப் போகலாம்.

கேள்வி: வாடகைக்கு எடுப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: நாள் வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மைல் கணக்கு, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு, சுத்தம் செய்யும் கட்டணம், கழிவு டேங்கைக் காலி செய்யாமல் ஒப்படைத்தால் தண்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். கிரெடிட் கார்டுடன் வரும் வாடகைக் கார் காப்பீடு பொதுவாக ஆர்.வி.க்குப் பொருந்தாது. எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கேம்ப்கிரவுண்டில் (முகாமிடும் இடத்தில்) இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டாலே மின்சாரம் போய்விடுகிறது. வண்டியில் கோளாறா?

பதில்: கணக்கில்தான் கோளாறு. 30 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட்டுக்கு உச்சமாகக் கிடைப்பது 3,600 வாட். கூரை ஏ.சி. சுமார் 1,500, இண்டக்‌ஷன் 1,800, வெந்நீர் ஹீட்டர் சுமார் 1,400. மூன்றும் சேர்ந்தால் தாங்காது. ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றுங்கள், அல்லது சோறு வேகும்வரை ஏ.சி.யை நிறுத்துங்கள். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது நல்லது. மிளகாய்ப் புகைக்கு ஸ்மோக் அலாரம் உடனே அலறும். எண்ணெய்ப் பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் கழிவுநீர் டேங்கில் தேங்கி நாறும்.

கேள்வி: கழிவறைக் குழாயை நேரடியாகச் சாக்கடை இணைப்பில் திறந்தே வைத்திருந்தோம். பிறகு அடைத்துக்கொண்டது. ஏன்?

பதில்: திறந்தே வைத்ததால்தான். நீர் வழிந்தோடிவிடும், திடக்கழிவு தங்கி இறுகிவிடும். கழிவறை டேங்கின் வால்வை மூடி வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியபின் திறந்துவிடுங்கள். முதலில் கழிவறை டேங்க், அடுத்து குளியல், பாத்திர நீர் டேங்க். அந்த நீரே ஹோஸைக் கழுவிவிடும்.

கேள்வி: கிரீன் கார்டு வைத்திருக்கும் என் பெற்றோருக்கு 65 வயதுக்கு மேல். தேசியப் பூங்காக்களில் சலுகை உண்டா? மொன்டானாவின் கிளேசியருக்கு ஆர்.வி.யிலேயே போகலாமா?

பதில்: உண்டு. 62 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் 80 டாலருக்கு ஆயுட்கால சீனியர் பாஸ் வாங்கலாம். மத்திய அரசின் பல கேம்ப்கிரவுண்டுகளில் அதைக் காட்டினால் பாதிக் கட்டணம்தான். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது. கிளேசியர் வரை ஆர்.வி.யில் போகலாம். ஆனால் அங்குள்ள ‘கோயிங் டு த சன்’ மலைச்சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆர்.வி.யை முகாமில் நிறுத்திவிட்டு, அந்தப் பகுதிக்குக் காரில் போய்வாருங்கள்.