செஸ் ஆடும் பெண்ணுக்கு ஷோகி

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. செஸ் போட்டிகளில் ஆடுகிறாள். ஜப்பானில், செஸ் போன்ற பலகை ஆட்டமான ஷோகியை ஆடும் இளைஞர்களுக்கென்றே ‘ஷின்ஜின்-ஓ’ என்ற தொழில்முறைப் போட்டி இருக்கிறதாமே? செஸ் தெரிந்தவர்கள் ஷோகியை எளிதில் பழகலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இருக்கிறது. 1970இல் தொடங்கியது. 26 வயதைத் தாண்டாத, ஆறாம் டான் (டான் என்பது தரநிலை) வரையிலான வீரர்களுக்கானது. இறுதிச்சுற்றில் 3 ஆட்டங்கள். இரண்டில் ஜெயிப்பவருக்குப் பட்டம். தொழில்முறை அந்தஸ்து பெறாமல் பயிற்சியில் இருக்கும் மூன்றாம் டான் வீரர்களும் ஆடலாம் என்பதுதான் இதன் அழகு. 2018 இறுதிச்சுற்றில் 16 வயது ஃபுஜி சோட்டா வென்றது பயிற்சியில் இருந்த அப்படியொரு வீரரைத்தான். அந்த ஆண்டே ஏழாம் டானுக்கு உயர்ந்துவிட்டதால், ஃபுஜிக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

உங்கள் மகளுக்குக் கணக்கிடும் திறன் கைகொடுக்கும், பழக்கம்தான் இடறும். பலகை 9க்கு 9, ஆளுக்கு 20 காய்கள். வெட்டிய காய் நம்முடையதாகிவிடும். ஒரு நகர்த்தலுக்குப் பதில் அதைக் காலிக் கட்டத்தில் இறக்கலாம். அதனால், செஸ்ஸில் முன்னிலையில் இருப்பவர் காய்களை மாற்றி ஆட்டத்தை எளிதாக்குவது இங்கே பலிக்காது. மாற்றிய யானை அடுத்த நொடியே நம் ராஜாவின் பக்கத்தில் வந்து இறங்கும்! முதலில் ராஜாவைச் சுற்றிக் காய்களால் கோட்டை கட்டப் பழகட்டும்.

புதியவர்கள் அதிகம் தோற்பது ‘நிஃபு’வில். நம்முடைய பதவி உயர்வு பெறாத சிப்பாய் நிற்கும் செங்குத்து வரிசையிலேயே இன்னொரு சிப்பாயை இறக்கினால் உடனே தோல்வி. திரும்ப எடுக்க முடியாது. இறக்குமுன் வரிசையை மேலிருந்து கீழ்வரை பார்க்க வேண்டும். சிப்பாயை இறக்கி நேரடியாக மேட் வைப்பதும் கூடாது. பலகையில் உள்ள சிப்பாயை நகர்த்தி வைக்கலாம்.

பழகும்போது கடிகாரத்தில் ஆளுக்கு 10 நிமிடம், பிறகு நகர்த்தலுக்கு 30 விநாடி போதும். மிச்சமாகும் விநாடிகள் சேராது, அதைச் சொல்லிவையுங்கள்.