பொறியியல் பட்டத்தின் பண மதிப்பை எப்படிக் கணக்குப் போடுவது?

முதல் மாதச் சம்பளம் அல்ல அந்த மதிப்பு. பட்டத்தால் கூடுதலாக வரும் வருமானத்தில் கட்டணம், விடுதிச் செலவு, கடன் வட்டி, அந்த 4 வருடம் வேலைக்குப் போகாமல் விட்ட சம்பளம் எல்லாம் கழித்தால் மிஞ்சுவதுதான்.

போர் போடுவது போலத்தான். நிறைய அடி இறக்கியதற்காகத் தண்ணீர் வராது, இடம் பார்த்திருக்க வேண்டும். கலந்தாய்வில் கிடைத்த அரசுக் கல்லூரி இடத்தை விட்டுவிட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சங்களைக் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

வருடத் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் கல்விக்கடன், 10% தனிவட்டி என்று வையுங்கள். 4 வருடம் முடியும்போது அசல் 4 லட்சத்தோடு வட்டியே 1 லட்சம் நிற்கும்.

படிக்கும்வரை வட்டி ஓடாது என்று பலர் நம்புகிறார்கள். தள்ளிவைக்கப்படுவது தவணை மட்டும்தான், அரசின் வட்டி மானியம் இல்லாவிட்டால் பணம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும்.