நகையை அடகு வைக்கும் முன் ஒருமுறை அம்பத்தூர் போய் வாருங்கள்

பிளஸ் டூ முடித்த மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு, போன வாரம் ஓர் அம்மா அவளோடு என்னிடம் வந்திருந்தார். ஜவுளிக்கடையில் 16 வருடமாக நின்றபடி வேலை பார்ப்பவர். "மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடுன்னு அண்ணன் சொல்றார். நகையை வெச்சா முதல் வருஷ ஃபீஸ் கட்டிடலாம்" என்றார். மகள் வாயே திறக்கவில்லை.

உனக்கு என்னம்மா பிடிக்கும் என்று கேட்டேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே, அதைப் படித்துவிட்டு அம்மாவின் கடை மேலாளரிடம் நேரில் போய் முக்காலி கேட்டிருக்கிறாள்!

அம்மா, நேராகவே சொல்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம். முதல் வருடத்துக்கு நகை இருக்கிறது. மீதி மூன்று வருடத்துக்கு? அண்ணன் கட்டப்போவதில்லை. பிடிக்காத படிப்பில் அரியர் விழுந்தாலும் வட்டி நிற்காது.

சென்னை அம்பத்தூரில் தமிழக அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் பி.ஏ. தொழிலாளர் மேலாண்மை சேரலாம். மூன்று வருடம், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். அப்புறம் எம்.ஏ.வும் அங்கேயே உண்டு. டி.என்.பி.எஸ்.சி. மூலம் எடுக்கும் தொழிலாளர் உதவி ஆய்வாளர் பணிக்கு இந்தப் படிப்புக்கு முன்னுரிமை. குறைந்தபட்சக் கூலி தருகிறார்களா, சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா, எடைக்கல் சரியா என்று கடை கடையாகப் போய்ப் பார்க்கும் வேலை அது. முக்காலி கேட்ட பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அரசு வேலை நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், இடங்கள் குறைவு. ஆனால் 2025 நவம்பர் 21 அன்று, பழைய சட்டங்கள் 29-இன் இடத்தில் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. 500 பேர் வேலை செய்யும் ஆலைக்குத்தான் தொழிலாளர் நலனைக் கவனிக்கும் நல அலுவலர் கட்டாயம் என்று முன்பு இருந்தது; இப்போது 250 பேர் இருந்தாலே வைக்க வேண்டும். சாப்பாடு டெலிவரி செய்யும் பிள்ளைகளும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிநீக்கம் எல்லாவற்றையும் புதிய விதிப்படி அறிந்தவர்கள் கம்பெனிகளுக்கும் வேண்டும், தொழிற்சங்கங்களுக்கும் வேண்டும். பின்னால் சட்டம் படித்தால் தொழிலாளர் நீதிமன்றத்திலும் வாதாடலாம்.

ஒருநாள் லீவு போட்டு மகளை அந்த அம்பத்தூர் கல்வி நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். கட்டணம், ஹாஸ்டல், விண்ணப்பத் தேதி எல்லாவற்றையும் அலுவலகத்திலேயே கேளுங்கள். அங்கே படிக்கும் பெண்களோடு அவளைத் தனியாகப் பேச விடுங்கள். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று தயங்கினால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.