ஜவுளிக்கடை வேலைக்கு ஆதார், பான், பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழ் மூன்றையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (கும்பகோணம்)

அசலைக் கொடுக்க வேண்டாம். காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிவிடுங்கள். சான்றிதழைப் பிடித்துவைத்தால் ஆள் நடுவில் வேலையை விட்டுப் போகமாட்டார் என்பதுதான் பல கடைகளின் கணக்கு. வேறு வழியே இல்லையென்றால், சான்றிதழின் பதிவு எண்ணும் தேதியும் போட்டு முத்திரையுடன் ரசீது வாங்குங்கள்.

ஆதாரில்தான் கவனம் வேண்டும். பி.எஃப். கணக்கு தொடங்க முழு எண் தேவை, அதை மறுக்க முடியாது. பி.எஃப். பிடிக்காத சின்னக் கடைக்கு, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரே போதும். மைஆதார் தளத்தில் பதிவிறக்கும்போது அதற்கான கட்டத்தை டிக் செய்தால் கிடைக்கும். கோப்பின் கடவுச்சொல்: பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்துகள், பிறகு பிறந்த ஆண்டு. ஊகிக்க எளிது என்பதால் அதைப் பெரிய பாதுகாப்பாக நினைக்காதீர்கள்.

நகலின் குறுக்கே "இந்தக் கடை வேலைக்கு மட்டும்" என்று கடைப் பெயர், தேதியுடன் எழுதிக் கையெழுத்திடுங்கள். வெறும் நகலை வைத்து வேறொருவர் உங்கள் பெயரில் சிம் வாங்கவோ கடன் எடுக்கவோ முயலலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம்.

கசிவு முதலாளியிடம்தான் தொடங்கும் என்றில்லை. பேருந்து நிலையத்துப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு அந்தக் கணினியிலேயே கிடக்கும். பிரிண்ட் எடுத்ததும் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.

பான் எண்ணை வரிப் பிடித்தத்துக்காகக் கேட்பது நியாயம். ஓ.டி.பி. மட்டும் யார் கேட்டாலும் கிடையாது.