தோழிக்கு வாந்தி, எனக்கு இல்லையே டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 28. முதல் கர்ப்பம். இன்றோடு 7 வாரம் 4 நாள். முதல் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது பழக்கமானவர்கள் நாங்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் பிரசவத் தேதி ஒரே மாதத்தில்தான். தினமும் இரவு போனில் பேசிக்கொள்வோம். அந்த ஸ்கேனில் என் குழந்தையின் இதயத்துடிப்பு 116. அதே நாளில் பார்த்த இன்னொருவருக்கு 158. ஒரு வாரமாக இருந்த குமட்டல் முந்தாநாள் திடீரென்று நின்றுவிட்டது. போன வாரம் எங்களில் ஒருவருக்குக் கரு கலைந்துவிட்டது. அவரும் முதலில் ‘குமட்டல் நின்றுவிட்டது’ என்றுதான் சொன்னார். எனக்குத் தூக்கமே இல்லை. மார்பு இன்னும் வலிக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன். தினமும் சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறேன்; நேற்று கோடு மங்கலாகத் தெரிந்தது. ‘அவர்களோடு பேசுவதை நிறுத்து’ என்கிறார் கணவர். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் உங்கள் ஐவரின் பேச்சில் ஒரு மாற்றம் தேவை. அதற்கு முன் உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் விஷயத்தைப் பார்த்துவிடுவோம்.

வயிற்று வலியோ ரத்தப்போக்கோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. குமட்டல் மட்டும்தான் நின்றிருக்கிறது. ஏழாவது வாரத்தில் இது மிகச் சாதாரணம். மசக்கை ஒரே சீராக ஏறி ஒரே சீராக இறங்குவதில்லை. நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்கும், ஒன்பதாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு வாரத்துக்குள் அடங்கும். இடையில் இரண்டு நாள் காணாமல் போகும். மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்கவே முடியாதபடி திரும்பி வரும். பத்தில் இரண்டு மூன்று பேருக்குக் குமட்டல் வருவதே இல்லை. அவர்களும் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றெடுக்கிறார்கள்.

ஒரே வாரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? இதற்கு ஒரு நல்ல விளக்கம் 2023இல் வெளியான ஆய்வில் கிடைத்தது. நஞ்சுக்கொடியிலிருந்து ஜிடிஎஃப்15 என்ற ஒரு ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலந்து, மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பே அந்த ஹார்மோன் உடலில் ஓரளவு அதிகமாக இருந்த பெண்ணுக்கு அது பழகிப்போயிருக்கும். குமட்டல் குறைவாக இருக்கும். முன்பு மிகக் குறைவாக இருந்தவருக்குத் திடீரென்று ஏறும்போது உடல் தாங்காது. ஆக, உங்கள் தோழியின் வாந்திக்கும் உங்கள் நிம்மதியான காலைக்கும் பெரும் பங்கு காரணம் உங்கள் இருவரின் உடல்வாகு. இதைக் கொண்டு உள்ளே வளரும் குழந்தையின் பலத்தை அளக்க முடியாது. ஒரே பெண்ணுக்குக்கூட ஒவ்வொரு கர்ப்பமும் ஒரு மாதிரி இருக்கும். என் முதல் கர்ப்பத்தில் நான்கு மாதம் வாந்தி எடுத்தேன். இரண்டாவதில் ஒரு நாள்கூட இல்லை. மருத்துவராக இருந்தும் அந்த அமைதியைக் கண்டு நான் பயந்தேன். அதனால்தான் உங்கள் பயத்தை ‘சும்மா இருங்கள்’ என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இப்போது கருவை இழந்த உங்கள் தோழியின் விஷயம். கருவின் வளர்ச்சி நின்றதும் ஹார்மோன்கள் குறைந்திருக்கும், அதனால் குமட்டல் நின்றிருக்கும். அவர் விஷயத்தில் குமட்டல் நின்றது ஒரு விளைவு. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, குமட்டல் நின்றவர்களுக்கெல்லாம் கரு கலைந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குமட்டல் இரண்டு நாள் விட்டுவிட்டு மறுபடி வந்தவர்கள் அதை யாரிடமும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை, மறந்துவிடுகிறார்கள். நின்று, பிறகு கருவும் கலைந்தவர் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பார். அதனால் கர்ப்பிணிகள் கூடிப் பேசும் இடத்தில் கேட்கிற கதைகளில் சோகக் கதைகளின் பங்கு நிஜத்தில் இருப்பதைவிட எப்போதும் கூடுதலாக இருக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, மனித மனத்தின் ஞாபகம் அப்படி.

உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன என்பது உண்மை. ஆனால் ஸ்கேனில் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்ட பிறகு, வலியோ ரத்தப்போக்கோ இல்லாத பெண்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குக் கர்ப்பம் தொடர்கிறது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கிறீர்கள்.

116, 158 கணக்குக்கு வருகிறேன். உங்கள் தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஸ்கேன் பத்து நாளுக்கு முன் என்று வைத்துக்கொண்டால் அன்று உங்களுக்கு 6 வாரம் 1 நாள். அந்த நாளில் 100க்கு மேல் இருந்தாலே நல்ல துடிப்புதான். கருவின் இதயம் தொடங்கும்போது மெதுவாகத் துடிக்கும். பிறகு நாளொன்றுக்குச் சுமார் மூன்று துடிப்பு வீதம் ஏறி, ஒன்பதாவது வாரத்தில் 170ஐ ஒட்டிப் போய், அதற்குப் பிறகு மெல்லக் குறையும். உங்கள் தோழி உங்களைவிடச் சுமார் இரண்டு வாரம் முன்னால் இருந்தால் 158 அவருக்குச் சரி, 116 உங்களுக்குச் சரி. பிரசவத் தேதி ஒரே மாதத்தில் இருப்பதாலேயே நீங்கள் ஒரே கட்டத்தில் இருப்பதாக நினைத்துவிட்டீர்கள். மாதத்தின் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே நான்கு வாரம் இருக்கிறது; இந்தப் பருவத்தில் நான்கு வாரம் என்பது ஒரு யுகம். இன்னொன்று, வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். 35 நாளுக்கு ஒரு முறை மாதவிலக்கு வருபவருக்குக் கருமுட்டை தாமதமாகத்தான் வெளியாகியிருக்கும். கணக்கில் ஏழு வாரம் என்றாலும் கரு ஆறு வாரத்துக்கு உரிய அளவில்தான் இருக்கும். இப்படிப்பட்டவரின் ஸ்கேன் தாளைப் பக்கத்தில் வைத்து உங்கள் தாளைப் படித்தால் இருவரில் ஒருவர் அழுதே ஆக வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனையை இன்றோடு விட்டுவிடுங்கள். அது ‘கர்ப்பமா, இல்லையா’ என்று மட்டும் சொல்லும் கருவி. கோட்டின் அழுத்தம் குழந்தையின் நலத்தைச் சொல்லாது. நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் கோடு மங்கும். அதோடு, சில வாரங்கள் கழித்து, இந்தப் பரிசோதனை தேடும் ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்பகால ஹார்மோன் மிக அதிகமாக ஏறிய பிறகு, அந்த அதிகத்தாலேயே பட்டையின் வேதிப்பொருள் திணறிக் கோடு மங்கலாக விழுவதும் உண்டு. மார்பை அழுத்திப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். நாள் முழுக்க அழுத்தினால் யாருக்கும் வலிக்கும்.

அடுத்த ஸ்கேன் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அதுவரை பொறுக்க முடியவில்லை என்றால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம், ‘குமட்டல் நின்றுவிட்டது, பயத்தில் தூங்க முடியவில்லை, கொஞ்சம் முன்னதாகப் பார்க்கலாமா’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நள்ளிரவில் ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு உறுதியான பதில் ஸ்கேனில் மட்டும்தான் இருக்கிறது. என் எழுத்திலும் இல்லை, தோழிகளின் அனுபவத்திலும் இல்லை.

பேச்சை நிறுத்த வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? கர்ப்பிணிகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசவைப்பது ஒரு மருத்துவ முறையாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஷாரன் ஷிண்ட்லர் ரைசிங் என்ற மகப்பேறு செவிலி 1990களில் இதை உருவாக்கினார். ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிரசவத்தை எதிர்நோக்கும் எட்டு முதல் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்வார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பரிசோதனை முடிந்ததும் இரண்டு மணி நேரம்வரை பேச்சு. 2007இல் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான பெண்களை வைத்து வெளியான ஒரு ஆய்வில், தனித்தனியாக மருத்துவரைப் பார்த்தவர்களில் 13.8 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம் ஆனது. குழுவாகச் சந்தித்தவர்களில் அது 9.8 சதவீதம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே அளவு பலனைக் காட்டவில்லை. ஆனால் பெண்கள் அந்த முறையை விரும்புகிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

அந்த வட்டத்தில் ஒரு செவிலியோ மருத்துவரோ கூடவே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ‘எனக்கு ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், ‘எனக்கும்தான், ஒன்றும் ஆகாது’ என்று பக்கத்திலிருப்பவர் சொல்வதற்குள் அவர் இடைமறிப்பார். உங்கள் இரவுப் பேச்சில் அந்த ஆள் இல்லை. அதனால் அந்த வேலையை நீங்கள் ஐவரும் ஒருவருக்கொருவர் செய்ய முயலாதீர்கள். பயம், அழுகை, கணவர் மேல் வரும் கோபம், வேலை செய்யும் இடத்தில் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனது, எந்த வாசனை வயிற்றைப் புரட்டுகிறது என்பது எல்லாவற்றையும் தாராளமாகப் பேசுங்கள். இதையெல்லாம் அதே நிலையில் இருக்கும் இன்னொரு பெண் புரிந்துகொள்வதுபோல் வேறு யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். ஸ்கேன் எண்கள், ரத்தப் பரிசோதனை அளவுகள், மாத்திரைப் பெயர்கள் இந்த மூன்றும் மட்டும் உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையில் இருக்கட்டும்.

மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கர்ப்ப காலக் குமட்டலுக்குப் பாதுகாப்பானது என்று நம்பித்தான் பல நாடுகளில் தரப்பட்டது. 1961இல் அங்கே அதைத் திரும்பப் பெற்றார்கள்; ஆனால் அதனால் கை கால் வளராமல் பிறந்த குழந்தைகள் பத்தாயிரத்துக்கும் மேல் என்பது கணக்கு. கருவின் உறுப்புகள் உருவாவது நீங்கள் இப்போது இருக்கும் இந்த வாரங்களில்தான். குமட்டலுக்கு நன்றாகப் பரிசோதிக்கப்பட்ட மருந்துகள் இன்று உண்டு, உங்கள் மருத்துவர் எழுதித் தருவார். தோழியின் சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள். ‘அவளுக்குப் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மருந்து கொடுத்தார்கள், எனக்கு ஏன் தரவில்லை’ என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019இல் வெளியான பெரிய ஆய்வில், முன்பு கருச்சிதைவு ஆகி, இந்த முறையும் ரத்தப்போக்கு உள்ள பெண்களுக்கே அதனால் பலன் தெரிந்தது. உங்களுக்குத் தராததற்கு உங்களுக்குத் தேவையில்லை என்பதே காரணமாக இருக்கலாம். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுங்கள்.

சில விஷயங்களைத் தோழிகளிடம் சொல்வதற்கு முன் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். சிவப்பாக ரத்தம் போவது; அடிவயிற்றில் ஒரு பக்கமாக நிற்காத வலி; மயக்கம் வருவது; தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி. கடைசி மூன்றும் கரு கருக்குழாயில் தங்கி, குழாய் வெடிப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். உங்கள் கரு கருப்பைக்குள் இருப்பது ஸ்கேனில் தெரிந்திருக்கும், அதனால் உங்களுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. ஆனால் இன்னும் ஸ்கேன் எடுக்காத ஒரு பெண் உங்களிடம் இப்படிச் சொன்னால், ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். குடிக்கும் தண்ணீர்கூட நிற்காத வாந்தி, நாள் முழுக்கச் சிறுநீர் மிகக் குறைவாகவோ கருமஞ்சளாகவோ போவது, எடை குறைவது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆகியவற்றுக்கும் தாமதிக்கக் கூடாது. ‘மசக்கைதானே, எல்லோருக்கும் வருவதுதானே’ என்று நான்கு பேர் சொன்னதால் உடலில் நீர் வற்றிப்போய் வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். லேசாகப் பழுப்பு நிறத்தில் கறை பட்டால் பதற வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் நாலில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் ரத்தம் படுகிறது, அவர்களில் பாதிக்கும் மேலானவர்களுக்குக் கர்ப்பம் தொடர்கிறது. ஆனாலும் மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

உங்கள் தூக்கமின்மையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சந்திப்பில் மறக்காமல் சொல்லுங்கள். தாயின் மனச்சோர்வைக் கண்டறியப் பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாத்தாள் 1987இல் வெளியாகி, இன்று உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. சில நிமிடங்களில் அதை நிரப்பிவிடலாம். நல்ல ஸ்கேன் வந்த பிறகும் பயம் விடவில்லை என்றால் மனநல ஆலோசனை உதவும். உங்கள் கணவரிடம், ‘பேச்சை நிறுத்து’ என்பதற்குப் பதிலாக, இரவு அந்தப் பேச்சு முடிந்ததும் பத்து நிமிடம் உங்களோடு உட்காரச் சொல்லுங்கள். அடுத்த ஸ்கேனுக்கு அவரையும் அழைத்துப்போங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கருவை இழந்த அந்தத் தோழியிடம் யாராவது பேசினீர்களா? பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் எல்லோரும் மெல்ல விலகிவிடுகிறார்கள், அவருடைய துயரம் தங்களைத் தொற்றிவிடும் என்பதுபோல. ‘மாடிப்படி ஏறியதாலா, பாரம் தூக்கியதாலா, ஓய்வெடுக்காததாலா’ என்று அவர் தன்னையே குடைந்துகொண்டிருப்பார். ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, தொடக்கத்திலேயே குரோமோசோம்களில் நேர்ந்த பிழையால் ஆகிறவை. அவர் செய்த எதுவும் அதற்குக் காரணமில்லை. இதை யாராவது அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘அடுத்தது சீக்கிரம் வரும்’ என்று சொல்லாதீர்கள், இழந்ததற்காக அவர் அழட்டும். இரவுப் பேச்சில் தொடர்ந்து இருக்க விருப்பமா, சிறிது நாள் ஒதுங்கியிருக்க விருப்பமா என்பதை அவரிடமே கேளுங்கள். உங்கள் அடுத்த ஸ்கேன் நல்லபடியாக வந்ததும், அதை எல்லோர் முன்னாலும் அவர் கேட்கும்படி ஆகாமல், அவருக்கு முன்னதாகத் தனியாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பதில் வர நாளானால் காத்திருங்கள்.